இசைப்பெட்டி அருங்காட்சியகம் போகும் முன் வீட்டில் ஒன்றைத் திறந்து பாருங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கம்பெனி வேலையாக நெதர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போய்வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. புறப்படும் முன் சிலர் கடைக்கு வந்து கேட்கிறார்கள்: "அண்ணா, அங்கே பழைய இசைப்பெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாமே, போனால் என்ன பார்க்க வேண்டும்?"

எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். சின்ன இசைப்பெட்டி ஒன்றை வாங்கி, இங்கேயே திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே பெட்டி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். வழிகாட்டி சாவி கொடுத்து ஒரு பாட்டை ஓடவிடுவார். அது முடிந்ததும் கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்துவிடும். அந்த நேரத்துக்குள் கண்ணை எங்கே வைப்பது, காதில் எதைப் பிடிப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் மூடியின் மேலுள்ள பூவேலைப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். அந்த மூடிக்குக் கீழே ஒரு கைவினைஞர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை இருக்கிறது.

முதல் வேலை: பதினெட்டுப் பல் இயந்திரம் ஒன்று

இணையக் கடைகளில் கையால் சுற்றும் சிறு இயந்திரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பொம்மை, கண்ணாடி உருண்டை, அலங்காரப் பெட்டி எதுவும் வேண்டாம். வெறும் இயந்திரம் போதும். உள்ளங்கையில் அடங்கிவிடும். முட்கள் முளைத்த ஓர் உருளை, அதற்கு எதிரே எஃகுச் சீப்பு. சீப்பில் பெரும்பாலும் 18 பற்கள் இருக்கும். உருளை சுழலும்போது முள் வந்து பல்லின் நுனியைத் தூக்கி விடுகிறது, பல் அதிர்கிறது, அதுதான் சுரம். மோர்சிங் வாசிப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அங்கே ஒரு நாக்கு, தட்டுவது விரல். இங்கே பதினெட்டு நாக்குகள், தட்டுவது முள்.

வாங்கியதும் கையில் பிடித்துச் சுற்றுங்கள். கொசு முனகுவது போல மெலிந்த ஓசைதான் வரும். பணம் வீணானது என்றே தோன்றும். இப்போது அதையே சப்பாத்திப் பலகையின் மேல் அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். பிறகு முறுக்கு வைக்கும் தகர டின் மேல், ஸ்டீல் பீரோவின் கதவில், மர அலமாரியின் பக்கப் பலகையில். ஒவ்வோர் இடத்திலும் அதே பாட்டு வேறு குரலில் வரும். எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய பலாமரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல் வைத்துச் சுற்றியபோது, சமையலறையில் இருந்த என் மனைவி ரேடியோவை யார் போட்டது என்று கேட்டாள்.

சீப்பின் பல் மிக மெல்லியது. அதனால் காற்றைப் பெரிதாக அசைக்க முடியாது. அதிர்வு மரத்துக்குள் இறங்கி, மரம்தான் அறை முழுவதையும் அசைக்கிறது. வீணைக்குக் குடம் செய்யப் பலாமரம் தேடுகிறார்களே, அதே காரணம். இதை ஒருமுறை கையால் உணர்ந்துவிட்டால், அருங்காட்சியகத்தில் பெட்டியின் அடிப்பலகை என்ன மரம், எவ்வளவு கனம், இயந்திரத்தை அதோடு எப்படி முடுக்கியிருக்கிறார்கள் என்று கண் தானாகத் தேடும்.

இரண்டாவது: லென்ஸை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்காருங்கள்

கடிகாரக்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தபால்தலை சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி போதும். கைப்பிடியை மிக மெதுவாக, முள் ஒவ்வொன்றாக நகரும் வேகத்தில் சுற்றுங்கள். முள் பல்லைத் தொடுகிறது, பல் மெல்ல வளைகிறது, நுனி நழுவுகிறது. நழுவும் அந்தக் கணத்தில் ஓசை பிறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனையோ கடிகாரங்களைப் பிரித்தவன் நான். அதை முதல்முறை பார்த்தபோது கையை எடுக்க மனம் வரவில்லை.

அடுத்து, ஒரே பல்லை இரண்டு முட்கள் அடுத்தடுத்துத் தூக்கும் இடத்தைத் தேடுங்கள். முதல் அதிர்வு அடங்கும் முன் இரண்டாவது முள் வந்து தொட்டால் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்கும். மலிவான இயந்திரங்களில் இது தெளிவாகத் தெரியும். பழைய கைவினைஞர்களுக்கு இந்தச் சீறலோடு போராடுவதே பெரும் வேலையாக இருந்தது. அவர்கள் கண்டுபிடித்த வழி, பல்லுக்கு அடியில் மயிரிழை போன்ற எஃகுக் கம்பி ஒன்றை வைப்பது. முள் பல்லைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்தக் கம்பி பல்லைத் தொட்டு அதிர்வை அமர்த்திவிடும். மேல்சுரப் பற்கள் கம்பி வைக்க முடியாத அளவு சிறியவை. அங்கே கோழி இறகின் சிறு துணுக்கை ஒட்டினார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரே சுரம் வேகமாகத் திரும்பத் திரும்ப வரும் பாட்டு என்றால், அந்தச் சுரத்துக்கே இரண்டு மூன்று பற்களைச் சேர்த்து, மாறி மாறித் தட்டவிட்டார்கள். பெரிய பெட்டிகளின் சீப்பில் பற்கள் அவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழ்ச்சுரப் பற்களின் அடியில் ஈயத்துண்டு ஒட்டியிருக்கும். கனம் கூடினால் அதிர்வு மெதுவாகும், சுரம் இறங்கும். சுருதி சேர்ப்பது அரத்தால். பல்லின் நுனிப்பக்கம் சுரண்டினால் சுரம் ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஒரு சீப்பின் எல்லாப் பற்களையும் இப்படிக் காதால் கேட்டுக் கேட்டு அராவி முடித்தவரின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது: நீங்களே ஒரு வரி துளையிடுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் கற்றுத்தருவது இதுதான். காகிதப் பட்டையில் துளையிட்டு ஓட்டும் இயந்திரம் கிடைக்கிறது. 15 சுரம், 30 சுரம் என்று வகைகள். துளைபோடும் கருவியும் கூடவே வரும். 15 சுர இயந்திரத்தில் பெரும்பாலும் சங்கராபரணத்தின் சுரங்கள் மட்டும்தான் இருக்கும். அதிலிருந்து ச ரி க ப த எடுத்தால் மோகனம். தெரிந்த மெட்டு ஒன்றின் முதல் வரியைத் துளையிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மெட்டு அடையாளம் தெரியும். ஆனால் ஏதோ குறையும். கமகம் இல்லை. பல்லுக்கு ஒரே சுரம்தான். அது அசையாது, வழுக்காது. நம் பாட்டில் பாதி உயிர் சுரங்களுக்கு இடையில் இருக்கிறது என்பதை எந்த வகுப்பையும்விட இந்தப் பதினைந்து பல் சீப்பு தெளிவாகக் காட்டிவிடும். மேற்கத்திய மெட்டுகளைத் தழுவி முத்துசுவாமி தீட்சிதர் அமைத்த நோட்டுஸ்வரங்கள் இந்த இயந்திரத்துக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. அவற்றில் கமகத்துக்கு இடமில்லை. ஜெனீவாவில் இசைப்பெட்டி பிறந்த நாட்களில் வாழ்ந்தவர் அவர்.

அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டி பாடும்போது, கமகம் இல்லாமல் இந்தக் கைவினைஞர் எதைக் கொண்டு உணர்ச்சி காட்டுகிறார் என்று கவனியுங்கள். சுரங்களை உதிரிப்பூ போல விரைவாகத் தூவுவார். அடிச்சுரத்தைக் கொஞ்சம் தாமதித்து வைப்பார். ஒரே சுரத்தை அடுக்கி நீண்ட ஒலி போலக் காட்டுவார்.

தெரிந்துகொண்டு போக வேண்டிய வரலாறு

நிறைய வேண்டாம். ஜெனீவாவைச் சேர்ந்த கடிகாரக்காரர் அன்டுவான் ஃபாவ்ர் 1796-இல் மணியும் சுத்தியலும் இல்லாமல் ஒலிக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். அதுவரை பாடும் கடிகாரங்களில் குட்டி மணிகளைத்தான் தட்டினார்கள். மணி இடத்தை அடைக்கும். அவர் மணிக்குப் பதில் எஃகு நாக்கை வைத்தார். பாட்டு சட்டைப்பைக் கடிகாரத்துக்குள்ளும் மூக்குப்பொடி டப்பாவுக்குள்ளும் புகுந்தது. முதலில் பற்களைத் தனித்தனியாகத் திருகி மாட்டினார்கள்; பிறகுதான் ஒரே எஃகுத் தகட்டில் வெட்டிய சீப்பு வந்தது. சீப்பு ஒரே தகடா, துண்டுகளைச் சேர்த்ததா என்று பார்த்தால் பெட்டியின் காலம் ஓரளவு பிடிபடும்.

ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மலையில் சென்ட்-க்ருவா என்ற ஊர் இந்தத் தொழிலுக்கே பெயர்பெற்றது. பனிக்காலத்தில் வேறு வேலை இல்லாத மலைவாசிகள் வீட்டிலிருந்தே செய்த தொழில். உருளையில் ஆயிரக்கணக்கான முட்களை ஒவ்வொன்றாகச் செருகும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். இயந்திரக் கடிகாரக் கலையையும் இசைப்பெட்டி போன்ற கலை இயந்திரங்களையும் சேர்த்து யுனெஸ்கோ 2020-இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது. ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்த பிறகு நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு பெண்ணாவது ட்வீசர் பிடித்து வேலை செய்திருக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு சென்ட்-க்ருவா அவ்வளவு அந்நியமாக இருக்காது.

1885 வாக்கில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தட்டு வந்தது. உருளைக்குப் பதில் உலோகத் தட்டு. அதன் புடைப்புகள் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பும், சக்கரம் பல்லைத் தட்டும். தட்டை மாற்றினால் பாட்டு மாறும். சிம்ஃபோனியன், பாலிஃபோன், அமெரிக்காவில் ரெஜினா ஆகிய கம்பெனிகள் இந்த வகையில் பேர்போனவை. காசு போட்டால் பாடும் ஆளுயரப் பெட்டிகள் மதுக்கடைகளில் நின்றன. பிறகு கிராமபோன் மனிதக் குரலையே வீட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தத் தொழில் சரிந்துவிட்டது.

குடும்பம் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

பெரும்பாலான அருங்காட்சியகங்களில் இசைப்பெட்டியோடு வேறு இயந்திரங்களும் கலந்தே இருக்கும். எதைப் பார்த்தாலும் ஓசை எதிலிருந்து பிறக்கிறது என்று முதலில் கேளுங்கள். சீப்புப் பல்லா, காற்றூதும் குழலா, மணியா, தந்தியா? அதற்குப் பிறகு, கட்டளை எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்: முள்ளிலா, தட்டிலா, துளைக்காகிதத்திலா?

இதற்குப் பயிற்சி நம் ஊரிலேயே இருக்கிறது. பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் மோட்டாரில் ஓடும் மேளமும் மணியும் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை கும்பிட்டு முடித்ததும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மோட்டார் ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டிலுள்ள துருத்தல்கள் கோல்களைத் தூக்கி விடுகின்றன. உருளையும் முள்ளும் செய்யும் வேலையேதான்.

திப்பு சுல்தானின் மரப்புலியும் உண்டு. 1792 வரை பாராமகால் என்ற நம் வட்டாரம் திப்புவின் சீமையாக இருந்தது. கிருஷ்ணகிரிக் கோட்டை அவர் கையில்தான் இருந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஆங்கிலேயர் எடுத்துப்போன புலி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் புலிக்கு அடியில் கிடக்கும் வெள்ளையன் கை அசைத்து ஓலமிடுவான், புலி உறுமும். வயிற்றுக்குள் 18 கட்டைகள் கொண்ட சிறு ஆர்கன் இருக்கிறது. துருத்தியும் குழலும்தான் அங்கே, சீப்பு கிடையாது. ஆகவே அது இசைப்பெட்டிக்குப் பங்காளி. லண்டன் போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. நம் மண்ணோடு தொடர்புள்ளது.

எங்கே போகலாம்

உங்கள் வேலை எந்த நாட்டில் என்பதைப் பொறுத்தது. நெதர்லாந்து என்றால் உட்ரெக்ட் நகரின் ஸ்பேல்க்ளாக் அருங்காட்சியகம். பழைய தேவாலயம் ஒன்றுக்குள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பயணம். தெரு ஆர்கன்கள் அங்கே சிறப்பு. முதல்முறை போகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் அங்கே இயந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள்.

ஸ்விட்சர்லாந்தில் சென்ட்-க்ருவாவே இருக்கிறது; இவர்டோனிலிருந்து சிறு ரயில் மலையேறும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஊர், பனிக்காலத்தில் குளிர் கடுமை. பாசல் பக்கம் வேலை என்றால் ஸேவன் கிராமத்து இசைத் தானியங்கி அருங்காட்சியகம் அருகில். டைட்டானிக்கின் சகோதரிக் கப்பலான பிரிட்டானிக்குக்காகச் செய்யப்பட்ட ஆர்கன் அங்கே இருக்கிறது. ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் ஒடாரு நகர இசைப்பெட்டிக் கூடம்; 1912-இல் கட்டிய செங்கல் கட்டடம், விற்பனையும் காட்சியும் சேர்ந்தே இருக்கும். அங்கே இசைப்பெட்டியை 'ஒருகோரு' என்கிறார்கள், டச்சுச் சொல்லிலிருந்து வந்தது.

வெளிநாடு போகாதவர்கள் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் போகலாம். மணிக்கு ஒருமுறை சிறு கதவு திறந்து தாடிக்காரப் பொம்மை வெளியே வந்து மணி அடிக்கும் கடிகாரம் அங்கே பிரசித்தம். பத்து நிமிடம் முன்பே போய் இடம் பிடியுங்கள்.

எங்கே போனாலும் டிக்கெட் எடுக்கும் முன், ஓட்டிக் காட்டும் சுற்று எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடாத இசைப்பெட்டியைப் பார்ப்பது பூட்டிய கோயிலைச் சுற்றி வருவது போல.

உள்ளே போனதும்

முன்வரிசையில் நில்லுங்கள்; மூடி திறந்ததும் சீப்பு உங்கள் பக்கம் தெரிய வேண்டும். மூடியின் உட்பக்கத்தில் பாட்டுப் பட்டியல் ஒட்டியிருக்கும். ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணிக்கை பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை பாட்டும் ஒரே உருளையில்தான். ஒரு பாட்டு முடிந்ததும் உருளை பக்கவாட்டில் மயிரிழை நகரும்; முதல் பாட்டின் முட்கள் பல்லை விட்டு விலகி, அடுத்த பாட்டின் முட்கள் பல்லுக்கு நேரே வந்து நிற்கும். இதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஒரு சிறு 'டக்' கேட்கும். அப்போது கண் உருளையின் ஓரத்தில் இருக்க வேண்டும்.

முடிந்தால் ஒரு பாட்டைக் கண்ணை மூடிக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே கேட்டால் அடிச்சுரம் காதில் ஏறுவதில்லை. ஃப்ளாஷ் போடாதீர்கள். வழிகாட்டியிடம் சீப்பில் எத்தனை பற்கள், அடக்கும் கம்பி மாற்றியதா பழையதா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி கேட்ட ஓசூர்ப் பையன் ஒருவனை உட்ரெக்டில் நிறுத்திவைத்து, கூட்டம் போன பிறகு தனியாக ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்களாம்.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால்

பெங்களூர் கன்டோன்மென்ட் ஏலத்தில் தாத்தா எடுத்தது என்று அபூர்வமாக யாராவது கொண்டுவருவார்கள். கிடைத்த அன்றே சாவி கொடுக்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் ஏற்கெனவே முறுக்கோடு இருக்கலாம். தையல் மெஷின் எண்ணெயைச் சீப்பிலும் உருளையிலும் விடாதீர்கள். அடக்கும் கம்பிகளும் இறகும் ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும். துருவை உப்புத்தாளால் தேய்த்தால் சுருதி போய்விடும். தகரக் கூரைக்குக் கீழேயும் வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். உருளைக்குள் முட்களைப் பிடித்துக்கொள்ள அரக்கு போன்ற பிசினை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் அது இளகும். ஓடும் பெட்டி என்றால் பாட்டு முடிந்த பிறகே நிறுத்துங்கள், அதன் பிறகே இடம் மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக விசிறியைத் தொடாதீர்கள். ஒரு மூலையில் சின்ன இறக்கை சுழலும்; காற்றை வெட்டி வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதுதான். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா தன் மாமனாரின் பெட்டியைக் கொண்டுவந்தார். பாட்டு நடுவில் நின்றுபோயிருந்தது. கடிகாரம் பிரித்துப் பழகிய கை. ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல் விசிறியின் திருகைக் கழற்றினேன். தடை விலகியதும் உருளை பம்பரமாகச் சுழன்றது. தகரத்தில் ஆலங்கட்டி விழுவது போல ஒரு சத்தம், இரண்டு விநாடிகூட இல்லை. ஏழு பற்கள் முறிந்து மேஜையில் கிடந்தன, முட்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அந்த அம்மாவின் முகத்தை இன்றும் மறக்கவில்லை. விசிறியை எடுக்கும் முன் ஸ்பிரிங்கின் முறுக்கு முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். இது தெரியாதவர் கையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

முறிந்த ஏழு பற்களையும் சின்ன கண்ணாடிக் குப்பியில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஈயம் ஒட்டிய கீழ்ச்சுரப் பல் ஒன்றும் அதில் இருக்கிறது. கடைப்பக்கம் வந்தால் கேளுங்கள். லென்ஸில் வைத்துக் காட்டுகிறேன்.